ஸாக்ரெப் ஹேங்ஓவர் அருங்காட்சியகத்துக்குச் செல்லும் மலையகத்தவருக்கு

குரோஷியாவின் தலைநகரான ஸாக்ரெபில் ஒரு பல்கலைக்கழக மாணவரின் முயற்சியால் 2019 டிசம்பரில் திறக்கப்பட்ட ஹேங்ஓவர் (குடித்த மறுநாள் காலையில் வரும் தலைவலியும் சோர்வும்) அருங்காட்சியகம், இரவெல்லாம் குடித்துக் கொண்டாடியவர்கள் மறுநாள் காலையில் எங்கே, எந்தக் கோலத்தில், எதைக் கையில் வைத்துக்கொண்டு கண்விழித்தார்கள் என்பதைப் பொருள்களாலும் சிறு கதைகளாலும் சொல்கிறது. இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்த நம்மில் பலர் குடியை வீட்டுக் கவலையாகவே கண்டு வளர்ந்தவர்கள். சம்பள நாளன்று அப்பா நேரத்துக்கு வீடு திரும்புவாரா என்று லயத்து (தோட்டத் தொழிலாளரின் தொடர்வீட்டு) வாசலில் நின்று பார்த்த பிள்ளைகளுக்கு, அங்கே போய்ச் சிரிக்கலாமா என்ற தயக்கம் வருவது இயல்பு. தாராளமாகச் சிரிக்கலாம் என்பதே என் கருத்து. அந்தக் கதைகளை அவசரமின்றி வாசித்தால் சிரிப்போடு வேறு பலவும் கிடைக்கும். அதற்காகவே இந்த வழிகாட்டி.

பயண ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டுக்குக் கொழும்புப் பக்கம் போக முடியாதவர்கள் கண்டியிலுள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களப் பிராந்திய அலுவலகத்தை நாடலாம். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குச் செல்லக்கூடிய ஷெங்கன் வலயத்திலும் யூரோ நாணயத்திலும் சேர்ந்துவிட்டதால், ஏற்கெனவே ஜெர்மனியிலோ சுவிட்சர்லாந்திலோ உறவினர் வீட்டுக்கு ஷெங்கன் விசாவில் செல்பவர்கள், அந்த விசா செல்லுபடியாகும் நாட்களுக்குள் ஸாக்ரெபுக்கும் போய்வரலாம். குளிர்காலமென்றால் நுவரெலியாவுக்கென்று வாங்கிய ஸ்வெட்டர் போதாது. திறந்திருக்கும் நேரமும் கட்டணமும் மாறக்கூடியவை என்பதால், புறப்படும் வாரத்தில் இணையத்தில் உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்.

முடிந்தால் புறப்படுவதற்கு முன் கம்பளைக்கு அருகே பரதெக்கவில் உள்ள தேயிலைத் தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். பழைய லயக் காம்பிராக்களில் 2007இல் அமைக்கப்பட்ட அந்த இடத்தில், நம் முன்னோர் அன்றாடம் கையாண்ட எளிய பொருள்களே காட்சிக்கு இருக்கின்றன. பெரிய விலை பெறாத ஒரு பொருளும் அதை வைத்திருந்தவரின் கதை தெரிந்தவுடன் நம்மை நிறுத்திவைக்கும் என்பதை அங்கே பழகிக்கொண்டவருக்கு ஸாக்ரெபின் காட்சிகள் எளிதில் பிடிபடும்.

ஹேங்ஓவர் அருங்காட்சியகத்தின் வாசலிலேயே ஒரு விளையாட்டு இருக்கிறது. குடித்தவரின் பார்வையைப் போலக் காட்சியைக் குலைத்துக் காட்டும் கண்ணாடியை அணிந்துகொண்டு டார்ட்ஸ் எனப்படும் சிறு அம்புகளைக் குறிப்பலகையை நோக்கி எறிய வேண்டும்; பலகையின் நடுப்புள்ளியில் பட்டால் நுழைவு இலவசம் என்று திறப்பு விழாக் காலத்தில் அறிவித்திருந்தார்கள். வெல்வதைவிட, எறியும்போது உங்கள் கையைக் கவனிப்பது பயனுள்ளது. கண் ஓரிடத்தைக் காட்டும், கை வேறிடத்துக்குப் போகும். எறிந்த பிறகும் குறி சரியாகத்தான் இருந்தது என்றே மனம் சொல்லும். ஒரு சொட்டும் குடிக்காதவருக்கே இந்த நிலை என்றால், குடித்தவர் ‘நான் நிதானமாகத்தான் இருக்கிறேன்’ என்று அடித்துச் சொல்வது ஏன் என்பது அந்த இடத்திலேயே விளங்கும்.

உள்ளே உள்ள அறைகள், குடித்தவர் ஒருவர் வீடு திரும்பும் வழியைப் போல, தெருவில் தொடங்கி, முகம் பார்க்கக்கூடிய கடைக் கண்ணாடிகள், வீட்டுத் தோட்டம், படுக்கையறை என்று அமைக்கப்பட்டன. அந்த வரிசையிலேயே செல்லுங்கள். படம் எடுப்பதற்காக முன்னும் பின்னும் ஓடினால் கதை அறுந்துவிடும். அங்குள்ளவற்றில் அவசியம் தேட வேண்டியது ஒரு மிதிவண்டியின் மிதிகட்டை. காலையில் எழுந்தபோது சட்டைப்பையில் மிதிகட்டை இருந்தது என்று அதை நிறுவிய மாணவரின் நண்பர் ஒருவர் சொன்ன கதையிலிருந்துதான் இந்த அருங்காட்சியகத்துக்கான எண்ணமே பிறந்தது. மிதிவண்டி யாருடையது, மிதிகட்டையை எப்படிக் கழற்றினார், எதற்காகக் கழற்றினார் என்பது கழற்றியவருக்கே தெரியாது. மது இரத்தத்தில் வேகமாக ஏறும்போது, நிகழ்வுகளை நினைவாகப் பதிக்கும் மூளைப்பகுதி வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. பேசுவதும் நடப்பதும் தொடர்ந்துகொண்டிருக்க, பதிவு மட்டும் நடப்பதில்லை. ஆகவே மறுநாள் எவ்வளவு யோசித்தாலும் அந்த மணித்தியாலங்கள் திரும்ப வருவதில்லை. ‘ராத்திரி என்ன பேசினேன் என்றே தெரியாது’ என்று நம் வீடுகளில் சொல்லப்படுவது எப்போதும் சாக்குப்போக்கல்ல என்பதையும், அந்த இரவை நினைவில் வைத்திருப்பவர்கள் வீட்டிலுள்ள மற்றவர்கள்தான் என்பதையும் மிதிகட்டையின் முன் நின்று எண்ணிப்பார்க்கலாம்.

போதையில் வாகனம் ஓட்டும் அனுபவத்தைப் பாவனையாகத் தரும் பகுதியை எக்காரணம் கொண்டும் தவறவிடாதீர்கள். வேன், லொறி, முச்சக்கரவண்டி ஓட்டுபவர்கள் உடன் வந்திருந்தால் அவர்களை முதலில் உட்கார வையுங்கள். குரோஷியாவில் சாரதியின் 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் ஏறத்தாழ 50 மில்லிகிராம் வரைதான் மதுசாரம் இருக்கலாம், இளம் சாரதிகளுக்கு அதுவும் கிடையாது. இலங்கையில் வரம்பு 80 மில்லிகிராம். இந்த 100 மில்லிலீற்றர் கணக்கில் உடல் ஒரு மணித்தியாலத்துக்குச் சுமார் 15 மில்லிகிராமையே வெளியேற்றுகிறது. நள்ளிரவில் 150 மில்லிகிராமோடு படுத்தவருக்குக் காலை 6 மணிக்கும் 60 மில்லிகிராம் அளவில் எஞ்சியிருக்கும். குரோஷியச் சட்டப்படி அவர் வாகனத்தைத் தொடவே கூடாது. சாயத்தேநீரும் தேசிக்காய்த் தண்ணீரும் குளிர்நீர்க் குளிப்பும் தெம்பாக உணரவைக்கலாம், இந்தக் கணக்கை ஒரு நிமிடம்கூடக் குறைக்க மாட்டா. கினிகத்தேனை மலைப்பாதை வளைவுகளில் விடியற்காலை வண்டி ஓட்டுபவருக்கு இதைவிடத் தேவையான பாடம் இல்லை.

குடியால் காயப்பட்ட வீட்டிலிருந்து வருபவரை, ‘இது வெறும் தமாஷ்தானே’ என்று சொல்லி உள்ளே இழுக்க வேண்டாம். அவருக்கு விருப்பமென்றால், அதே நகரின் மேல்நகரப் பகுதியில் 2010 முதல் இயங்கும் முறிந்த உறவுகளின் அருங்காட்சியகத்துக்குச் செல்லலாம். அங்கும் பொருளும் கதையும்தான், தொனி மட்டும் வேறு. சிறு பிள்ளைகளுக்கு ஹேங்ஓவர் அருங்காட்சியகம் பொருந்தாது. விவரம் தெரிந்த வயதுப் பிள்ளைகளோடு தாய் தந்தையர் சென்றால், வீட்டில் தொடங்கத் தயங்கிய பேச்சை அங்கே ஒரு வேடிக்கைக் கதையைச் சாக்காக வைத்துத் தொடங்க முடியும்.

பார்வையாளர்களும் தங்கள் கதையை விட்டுச்செல்ல இடமளித்திருக்கிறார்கள். குடிக்காதவர்கள், நமக்கென்ன கதை என்று ஒதுங்க வேண்டியதில்லை. குடித்தவரைத் தேடி டோர்ச் லைட்டோடு போன தாயின் இரவும், மறுநாள் காலை பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலைக்குப் பெயர் பதியும் கூட்டத்துக்கு) பிந்திப் போய் அரைநாள் பேர் (அரைநாள் கூலிக்கான பதிவு) இழந்தவரின் காலையும் அந்த அருங்காட்சியகத்துக்கு உரியவையே. தமிழிலேயே எழுதுங்கள், கீழே ஓரிரு வரியில் ஆங்கிலத்தில் பொருளைத் தாருங்கள். இன்னொருவரின் கதையென்றால் அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் எழுத வேண்டாம்.