எஸ்சிபி ரோல்பிளேயில் ஆய்வாளர் ஆகிவிட்டீர்களா? முதல் சோதனையை நடத்துவது இப்படித்தான்

நாலைந்து முறை டி-கிளாஸாக, அதாவது சோதனைக்கு விடப்படும் கைதியாக, செத்து, விண்ணப்பம் எழுதி, இன்டர்வியூ முடித்து ஒருவழியாக ஆய்வாளர் பதவி வாங்கியிருப்பீர்கள். வெள்ளைக் கோட்டு, கையில் ஒரு கீகார்டு. அப்புறம்? இங்கேதான் பலரும் முழிக்கிறார்கள். நேராகப் போய் ஏதோ ஒரு செல்லின் கதவைத் திறப்பார்கள், பத்து நிமிடத்தில் பாதி சைட் (விநோதங்களை அடைத்து வைத்திருக்கும் வளாகம்) செத்துக் கிடக்கும், அன்று ராத்திரியே பதவி போய்விடும். நானும் பதவி இழந்தவன்தான், அது வேறு காரணத்துக்கு. கீழே சொல்கிறேன்.

நண்பன் இழுத்துக்கொண்டு வந்தான், எஸ்சிபி என்றால் என்னவென்றே தெரியாது என்பவர்களுக்கு மட்டும் கொஞ்சம் முன்கதை. 2007-ல் 4சான் தளத்தில் பெயர் போடாமல் ஒருவர் எழுதிய பதிவில் ஆரம்பித்தது இது. எஸ்சிபி-173 என்று ஒரு சிலை. பார்த்துக்கொண்டே இருந்தால் அசையாது, கண் சிமிட்டினால் கழுத்தை முறித்துவிடும். அதைப் பேய்க்கதையாகச் சொல்லாமல், ஆபீஸ் கோப்பு மாதிரி, "உள்ளே போனால் மூன்று பேராகப் போ, போனதும் கதவைப் பூட்டு, இரண்டு பேர் கண்ணை எடுக்காமல் பார்" என்று எழுதியதுதான் விசேஷம். அடுத்த ஆண்டே தனி விக்கி வந்தது, இன்றைக்கு ஆயிரக்கணக்கில் கோப்புகள். இந்த விநோதங்களைப் பிடித்து அடைத்து ஆராய்கிற கற்பனை அமைப்புக்குத்தான் ஃபவுண்டேஷன் என்று பெயர். அந்த அமைப்பின் ஆட்களாக நடித்து விளையாடுவதுதான் எஸ்சிபி ரோல்பிளே. கேரிஸ் மாட், ரோப்லாக்ஸ் மாதிரி கேம்களிலோ டிஸ்கார்ட் அரட்டையிலோ, எங்கே விளையாடினாலும் அடித்தளம் இதுதான். ஆனால் சர்வருக்குச் சர்வர் விதி மாறும். நான் சொல்வதும் உங்கள் சர்வர் விதியும் முட்டினால் சர்வர் விதிதான் செல்லும்.

முதல் படி: தெரிந்ததைத் தெரியாததாக்குவது

எல்லாவற்றையும் விட இது கஷ்டம், அதனால்தான் முதலில் வைத்தேன். நீங்கள் விக்கியை ராத்திரி பகலாகப் படித்தவர். உங்கள் கேரக்டர் போன வாரம் வேலைக்குச் சேர்ந்தவர். எஸ்சிபி-096-இன் முகத்தை, நேரில் வேண்டாம், போட்டோவில் பார்த்தாலே அது தேடி வந்து கொன்றுவிடும் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கேரக்டருக்கு யார் சொன்னார்கள்? காரணமே இல்லாமல் போட்டோவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆளை ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இதற்கு மெட்டாகேமிங் என்று பெயர், பெரும்பாலான சர்வர்களில் தண்டனை உண்டு.

வழி சுலபம். உங்கள் அனுமதி லெவலுக்குத் திறக்கிற கோப்பை உங்கள் கேரக்டர் படிக்கிற மாதிரி ஒரு சின்னக் காட்சியை ஐந்து நிமிடம் நடித்துவிடுங்கள், சாட்சிக்குப் பக்கத்தில் யாராவது இருந்தால் நல்லது. அதன் பிறகு கோப்பில் இருப்பது கேரக்டருக்கும் தெரியும். கோப்பில் இல்லாதது தெரியாது. அவ்வளவுதான்.

இன்னொன்று. உங்களுக்கே விடை தெரிந்த கேள்வியை வைத்துச் சோதனை நடத்தாதீர்கள். "பார்க்காவிட்டால் 173 நகருமா?" என்று ஒரு டி-கிளாஸை உள்ளே தள்ளுவது சோதனை இல்லை, சும்மா ஆளைக் கொல்வது. "கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தால் அது பார்த்ததாகக் கணக்கில் சேருமா?" என்று கேளுங்கள். உங்களுக்கும் தெரியாது, காவலருக்கும் தெரியாது, முடிவு சொல்லப்போகிற ஜிஎம்முக்கும் (ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர்) உட்கார்ந்து யோசித்தால்தான் தெரியும். அந்த அறையில் நிற்கிற எல்லாருக்கும் வயிற்றைக் கலக்க வேண்டும் என்றால் இப்படி ஒரு கேள்வி தேவை.

இரண்டாம் படி: பொருளைத் தேர்ந்தெடுப்பது

சேஃப், யூக்ளிட், கெட்டர் என்ற மூன்று வகையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். சேஃப் என்றால் ஆபத்தில்லை என்று நினைத்துக்கொண்டுதான் புதியவர்கள் சாகிறார்கள். இது ஆபத்தின் அளவுகோல் இல்லை, அடைத்து வைப்பது எவ்வளவு கஷ்டம் என்பதன் அளவுகோல். ஒரு பெட்டிக்குள் பூட்டி வைத்துவிட்டுப் போனால் ஒன்றும் ஆகாது என்றால் சேஃப். என்ன ஆகும் என்று சொல்ல முடியாது என்றால் யூக்ளிட். எப்படியாவது வெளியே வந்துவிடும் என்றால் கெட்டர். அழுத்தினால் உலகமே அழியும் ஒரு பொத்தான் இருந்தாலும், யாரும் தொடாதவரை சும்மா கிடக்கும் என்றால் அது சேஃப்தான்.

முதல் சோதனைக்கு நான் எல்லாருக்கும் சொல்வது எஸ்சிபி-914. பல டன் எடையுள்ள பழங்காலக் கடிகார இயந்திரம் போன்றது. ஒரு பக்கம் பொருளை வைக்கிற அறை, மறுபக்கம் வெளியே வருகிற அறை, நடுவில் திருகுவதற்கு ஐந்து நிலைகள்: ரஃப், கோர்ஸ், 1:1, ஃபைன், வெரி ஃபைன். வைத்த பொருளை அந்த நிலைக்கு ஏற்றபடி சிதைத்தோ மாற்றியோ மெருகேற்றியோ தரும். இதை ஏன் சொல்கிறேன் என்றால் ஆள் சாகாது, உங்கள் கற்பனை மட்டும்தான் செலவு. அது போக, இதன் கோப்பிலேயே ஆராய்ச்சி விதிகள் எழுதியிருக்கின்றன. எழுத்தில் விண்ணப்பம், சைட் தலைமையின் அனுமதி, எந்நேரமும் இரண்டு காவலர்கள், சோதனை முடியும்வரை ஒரு காவலராவது கூடவே இருப்பது, செய்யப்போகும் சோதனைகளின் முழுப் பட்டியலைக் காவலர்களிடம் கொடுப்பது, பட்டியலை விட்டு விலகினால் சோதனையை நிறுத்தி ஆளை வெளியே இழுத்துப் போடுவது. உயிர் சார்ந்த எந்தப் பொருளையும் உள்ளே வைக்கக் கூடாது என்று தனி எச்சரிக்கையும் உண்டு. நிறைய சர்வர்களின் ஆராய்ச்சி விதிகளைப் படித்தால் இந்த ஒரு பத்தியை நீட்டி எழுதியது போலத்தான் இருக்கும்.

மூன்றாம் படி: விண்ணப்பம்

பக்கம் பக்கமாக வேண்டாம். நான் போட்ட ஒன்றையே தருகிறேன், மாற்றி எழுதிக்கொள்ளுங்கள்:

பொருள்: எஸ்சிபி-914
கேள்வி: ஒரு பூட்டை மட்டும் இயந்திரத்தில் ஓட்டி, அதன் சாவியை வெளியே வைத்திருந்தால், பிறகும் அந்தச் சாவி சேருமா?
தேவை: ஒரே மாதிரியான பித்தளைப் பூட்டு மூன்று, சாவியோடு. காவலர் இருவர். டி-கிளாஸ் தேவையில்லை.
செய்முறை: முதல் பூட்டு 1:1, இரண்டாவது ஃபைன், மூன்றாவது கோர்ஸ். சாவிகள் காவலரின் கையில் இருக்கும்.
நிறுத்தும் நிலை: வெளியே வரும் பொருள் தானாக அசைந்தாலோ, சத்தம் எழுப்பினாலோ, யாரும் தொடுவதற்கு முன் சோதனை முடிந்தது.
முடிவைத் தீர்மானிப்பவர்: பணியில் இருக்கும் ஜிஎம்.

கடைசி இரண்டு வரிகளை முக்கால்வாசிப் பேர் விட்டுவிடுகிறார்கள். நிறுத்தும் நிலை இல்லாத விண்ணப்பத்தை அனுபவமுள்ள மேலாளர் படிக்கவே மாட்டார். முடிவை யார் சொல்வது என்று முன்கூட்டியே பேசவில்லை என்றால் சோதனை நடுவில் ஆளுக்கு ஒன்று சொல்லிச் சண்டை வரும். ஜிஎம் கிடைக்காத நேரத்தில் பகடை உருட்டிக்கொள்ள சில சர்வர்களில் விடுவார்கள், கேட்டுக்கொள்ளுங்கள்.

வார்த்தையில் கவனம் வேண்டும். எஸ்சிபி-294 என்று ஒரு காபி மெஷின் உண்டு, எந்தத் திரவத்தின் பெயரைத் தட்டினாலும் கோப்பையில் ஊற்றித் தரும். அமெரிக்கப் பேச்சு வழக்கில் காபிக்கு "கப் ஆஃப் ஜோ" என்று பெயர். சோதனையில் ஒருவர் அப்படியே தட்ட, மெஷின் ஜோசப் என்கிற ஏஜென்ட்டின் வியர்வையையும் ரத்தத்தையும் கோப்பையில் நிரப்பிவிட்டது. ஜோசப்புக்குத் தலைசுற்றல். எனக்கு மொத்த விக்கியிலும் பிடித்த சோதனைப் பதிவு அதுதான்.

நான்காம் படி: டி-கிளாஸும் ஆள்தான்

914-ஐத் தாண்டி மேலே போனால் மனிதர்கள் தேவைப்படும் சோதனை வரும். கதையில் டி-கிளாஸ் ஆரஞ்சு உடை போட்ட கைதி, எண்ணால் கூப்பிடுவார்கள். நிஜத்தில் அந்த எண்ணுக்குப் பின்னால் கல்லூரி முடித்து வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் விளையாட உட்கார்ந்த யாரோ ஒருவர் இருக்கிறார்.

நான் பதவி இழந்தது இங்கேதான். ஒரு டி-கிளாஸை நாற்காலியில் உட்கார வைத்து, ஸ்லாஷ் மீ (கேரக்டர் செய்வதை எழுதும் கட்டளை) போட்டு, "ஊசியைக் கழுத்தில் குத்துகிறார், கைதி மயங்கி விழுகிறார்" என்று ஒரே வரியில் தட்டிவிட்டேன். இரட்டை அடைப்புக்குறிக்குள், அதாவது கேரக்டராக இல்லாமல் நிஜ ஆளாகவே, பதில் வந்தது: "(( எனக்கு நிஜத்திலேயே ஊசி என்றால் ஆகாது, கேட்டிருக்கலாமே ))". சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அன்று நான் செய்ததில் இரண்டு தப்பு. ஒன்று, அவருடைய கேரக்டர் மயங்குவதா, திமிறுவதா என்பதை நான் முடிவு செய்தது; இதைத்தான் பவர்கேமிங் என்கிறார்கள். "ஊசியைக் கழுத்துக்குக் கொண்டுபோக முயல்கிறார்" என்று நிறுத்தியிருந்தால் மீதி அவர் கையில். இரண்டாவது தப்பு பெரியது, முன்கூட்டிக் கேட்காதது. ரத்தம், சித்திரவதை, அறுவை, கட்டிப்போடுவது, இதெல்லாம் வருகிற காட்சி என்றால் கேரக்டரை விட்டு வெளியே வந்து, அதே இரட்டை அடைப்புக்குறிக்குள், ஒரு வரி கேளுங்கள். வேண்டாம் என்றால் ஏன் என்று துருவக் கூடாது, வேறு ஆளைப் பாருங்கள். ஒரு வாரம் தடை போட்டார்கள், நியாயம்தான்.

கதைக்குள் எதிக்ஸ் கமிட்டி என்று ஒன்று உண்டு, டி-கிளாஸை வைத்து எதையும் செய்யலாமா என்று கேள்வி கேட்கிற அமைப்பு. சில சர்வர்களில் நிஜ ஆட்களே அதில் இருப்பார்கள். அவர்கள் வந்து நின்றால் எரிச்சல்படாதீர்கள், கதைக்குள்ளேயே வாதாடுங்கள்; சோதனையை விட அந்த வாதம் சுவாரசியமாகப் போன நாட்கள் உண்டு.

ஐந்தாம் படி: சோதனை நாள்

நேரத்தை முதலில் சரிபாருங்கள். சர்வர் அமெரிக்கக் கிழக்குக் கரைக் கணக்கில் ஓடினால், அங்கே கோடையில் ராத்திரி 8 மணி என்பது இந்தியாவில் மறுநாள் காலை 5:30, குளிர்காலத்தில் 6:30. ஜிஎம் அங்கே காத்துக்கொண்டிருக்க, நீங்கள் இங்கே தூங்கிக்கொண்டிருப்பீர்கள்.

காவலரிடம் பட்டியலைக் கொடுத்து, அவர் படிக்கும்வரை நில்லுங்கள். 914 ஒரு பொருளை முடிக்க ஐந்து முதல் பத்து நிமிடம் எடுக்கும் என்று கோப்பு சொல்கிறது. பல சர்வர்களில் அதைச் சுருக்கிவிடுவார்கள், முழுசாக விட்டால் இன்னும் நல்லது என்பேன். அந்தக் காத்திருப்பில்தான் காவலர் தன் வீட்டுக் கதையைச் சொல்வார், நீங்கள் பேனாவைக் கடிப்பீர்கள், உள்ளே பல்சக்கரம் உருளும். அதை விட்டால் மிச்சம் வெறும் பொத்தான் அழுத்துகிற வேலைதான்.

"வந்ததுதான் வந்தோம், இதையும் ஒரு தடவை வெரி ஃபைன்ல போட்டுப் பார்ப்போமே" என்று ஆசை வரும். வேண்டாம். புதிய யோசனை என்றால் புதிய விண்ணப்பம். நடுவில் எங்காவது ஏதோ ஒன்று தப்பிவிட்டது என்று பிரீச் சைரன் அடித்தால் பொருளை அப்படியே விட்டுவிட்டுக் காவலர் சொல்வதைக் கேளுங்கள், அந்த நேரத்தில் டாக்டர் பட்டம் எல்லாம் செல்லாது.

ஆறாம் படி: பதிவு

சோதனை முடிந்த அன்றைக்கே எழுதிவிடுங்கள். "பயங்கரமாக இருந்தது, எல்லாரும் உறைந்து நின்றோம்" என்று எழுதினால் அது டைரி. பார்த்ததை மட்டும் எழுத வேண்டும், அளவு இருந்தால் அளவு. உங்கள் ஊகம் கடைசியில் தனியாக, ஊகம் என்றே சொல்லி. தோற்றுப்போன சோதனையையும் எழுதுங்கள். "மாற்றம் இல்லை" என்ற ஒரு வரி அடுத்து வருபவருக்கு அரை மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

கறுப்புக் கட்டம் போட்டு மறைப்பது புதியவர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். மறைக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருந்தால் மட்டும் மறையுங்கள். முடிவு தோன்றாமல் "தரவு நீக்கப்பட்டது" என்று போட்டால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும்.

பதிவை வெளியில் எங்காவது போடுவதாக இருந்தால், எஸ்சிபி விக்கியின் எழுத்துகள் கிரியேட்டிவ் காமன்ஸ் பிஒய்-எஸ்ஏ 3.0 உரிமத்தில் இருப்பவை. எந்தக் கோப்பிலிருந்து எடுத்தது, யார் எழுதியது என்று குறிப்பிட்டு, உங்களுடையதையும் அதே உரிமத்தில் விட வேண்டும். படங்களில் கூடுதல் எச்சரிக்கை தேவை. 173-இன் பிரபலமான படம் ஜப்பானியச் சிற்பி இசுமி கட்டோவின் படைப்பைக் காட்டுவது, அனுமதி கேட்காமல் எடுத்தாளப்பட்டது. 2022-ல் விக்கியே அதை எடுத்துவிட்டது. இன்னும் அதை பேனரில் ஒட்டி வைத்திருக்கிற சர்வர்களைப் பார்த்தால் என்ன சொல்வது.

என் பூட்டுச் சோதனையின் பதிவு இது, எவ்வளவு எழுதினால் போதும் என்று பாருங்கள்:

சோதனை 1, நிலை 1:1. உள்ளே: பித்தளைப் பூட்டு ஒன்று. வெளியே: அதே எடையில் பித்தளைப் பூட்டு ஒன்று, சாவித் துளை அடியில் இல்லாமல் பக்கவாட்டில். பழைய சாவி நுழைந்தது, திரும்பவில்லை.
சோதனை 2, நிலை ஃபைன். வெளியே: சாவித் துளையே இல்லாத பூட்டு. சாவியை வைத்திருந்த காவலர் அருகே வந்தபோது திறந்துகொண்டது. நிறுத்தும் நிலை எட்டியதால் யாரும் தொடவில்லை.
ஊகம்: சாவியையா, காவலரையா, எதை அது அடையாளம் கண்டது என்று தெரியவில்லை.

மூன்றாவது பூட்டு இன்னும் என் லாக்கரில் கிடக்கிறது. இந்த முறை சாவியை வேறு காவலர் வைத்திருக்க வேண்டும் என்று புது விண்ணப்பம் போட்டிருக்கிறேன், அனுமதி வரவில்லை.