கொழும்பு வெயிலில் பாம்புக்கு எதற்குச் சூடு? பெட்டிக்குள் பாதுகாப்பாக வெப்பம் அமைக்கும் முறை

வெள்ளவத்தைத் தொடர்மாடி ஒன்றில் பால் பைதான் (ball python) என்ற பாம்பை வளர்க்கிறேன் என்று சொன்னால் இரண்டு கேள்விகள் தவறாமல் வரும். ஒன்று, "அது பால் குடிக்குமா?" குடிக்காது. எந்தப் பாம்பும் பால் தேடிக் குடிப்பதில்லை. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வதால் வந்த ஆங்கிலப் பெயர் அது. மற்றது பக்கத்து வீட்டு மாமி கேட்டது: "இந்தப் புழுக்கத்தில் நமக்கே தாங்கவில்லை, பாம்புக்கு ஹீட்டர் எதற்கு?"

மாமியின் கேள்வி நியாயமானது. பாம்பு தன் உடம்புச் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறி ஊர்ந்துதான் அதைச் சரிசெய்துகொள்ளும். இரை விழுங்கியபின் போதிய சூடு கிடைக்காவிட்டால் சரியாகச் செரிக்காது, கக்கிவிடலாம். கொழும்பில் பகல் 30 பாகை செல்சியஸ் அளவில் இருந்தாலும், தை மாத விடியற்காலையில் 22, 23 வரை இறங்கும். ஆகவே சூடு வேண்டும், ஆனால் கொஞ்சம்தான் வேண்டும். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகளிற் பெரும்பாலானவை பனி பெய்யும் நாடுகளில் எழுதப்பட்டவை. அவற்றைப் பார்த்து 100 வாட் மின்குமிழை இங்கே மாட்டினால் பாம்பு வெந்துவிடும். நம் ஊரில் சூடு கொடுப்பது பெரிய வேலையே இல்லை. கொடுத்த சூட்டை நிறுத்துவதுதான் வேலை.

தொடங்குமுன் ஒரு வார்த்தை. வெங்கணாந்தி என்னும் மலைப்பாம்பு உட்பட நம் நாட்டுப் பாம்புகளிற் பெரும்பாலானவை 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. தோட்டத்தில் பிடித்ததைப் பெட்டியில் வைக்க வழி தேடுகிறீர்கள் என்றால், அதை வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவியுங்கள். வெளிநாட்டுப் பாம்பைக் கொண்டுவரவும் அனுமதிப் பத்திரம் வேண்டும். பத்திரம் சரியாக உள்ளவர்கள் மேலே வாசியுங்கள்.

முதற்படி: வாங்காதீர்கள், அளவுங்கள்

உச்ச, தாழ் வெப்பநிலையைப் பதிந்துவைக்கும் டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருப் பக்கம் தேடிப் பாருங்கள். வாங்கியதும் அதை நம்பிவிடாதீர்கள். ஒரு கோப்பையில் நொறுக்கிய ஐஸை நிரப்பி, இடைவெளி மூடும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, உணரி முனையை நடுவில் சில நிமிடங்கள் வையுங்கள். 0 காட்ட வேண்டும். என்னுடையது 1.4 காட்டியது. அதைத் தூக்கி எறியவில்லை. எப்போதும் 1.4 கழித்துப் படி என்று பெட்டியின் மேலேயே எழுதி ஒட்டிவிட்டேன்.

பிறகு பெட்டியை வைக்கப்போகும் இடத்தில் மூன்று நாள் அளவுங்கள். கடற்பக்கம் பார்த்த யன்னல் என்றால் மாலை வெயில் நேரே உள்ளே விழும். வெயில் பட்ட கண்ணாடிப் பெட்டி அடுப்பாகிவிடும் என்பதால், யன்னலோரம் வேண்டவே வேண்டாம். குளிரூட்டி ஓடும் படுக்கையறையும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

எந்த அளவுக்குச் சூடு?

பால் பைதானுக்குச் சூடான பக்கத்தின் தரை 31 முதல் 33 பாகை, குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. கொழும்பில் குளிர்ந்த பக்கம் 28, 29 வரை போவதைத் தவிர்க்க முடியாது, அது பரவாயில்லை. சூடான பக்கத் தரை 35ஐத் தாண்டுவதுதான் ஆபத்து. சோளப்பாம்பு வைத்திருப்பவர்கள் கவனியுங்கள்: அதற்குச் சூடான பக்கமே 29, 30 போதும். இங்கே பகல் முழுவதும் அறையே அந்தச் சூட்டில் இருப்பதால், உங்கள் தலைவலி ஹீட்டர் அல்ல, குளிர்ந்த மூலைதான்.

எதை வாங்குவது?

பிளாஸ்டிக் பெட்டிக்கு அடியில் ஒட்டும், மின்சாரத்தில் சூடேறும் மெல்லிய தகடான ஹீட் மேட்டைத்தான் நம் ஊருக்குப் பரிந்துரைப்பேன். ஹீட் மேட் காற்றைச் சூடாக்காது, தரையைத்தான் சூடாக்கும் என்று குளிர்நாட்டவர்கள் குறை சொல்வார்கள். நமக்கு அது குறையே அல்ல, காற்றைக் கொழும்பு ஏற்கெனவே சூடாக்கி வைத்திருக்கிறது. பெட்டித் தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மேட் பரவக்கூடாது. 15, 20 வாட் தாராளம். 20 வாட் மேட் நாளுக்கு 12 மணிநேரம் ஓடினால் மாதத்துக்கு ஏழு யூனிட் அளவில்தான் வரும், பில்லுக்குப் பயப்பட வேண்டாம்.

சூடேறும் செயற்கைக் கல்லை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அது ஓரிடத்தில் மட்டும் கொதிக்கும். பாம்போ அடிவயிறு சுடுகிறது என்று எப்போதும் உடனே விலகிப் போகும் பிராணி அல்ல, சில நேரம் சுட்டுக்கொண்டே படுத்திருக்கும். பெட்டிக்குள் மறைப்பின்றித் தொங்கும் மின்குமிழும் அப்படியே, பாம்பு அதைச் சுற்றிக்கொள்ளும். இடுப்பு வலிக்கு வைத்துக்கொள்ளும் மின் ஒத்தடப் பையைப் பயன்படுத்தலாமா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். கூடாது.

மேட்டுக்கு முன்பே வாங்க வேண்டியது, உணரியால் சூட்டை அறிந்து மேட்டைத் தானே அணைத்து ஏற்றும் தெர்மோஸ்டாட். பணம் இரண்டில் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் அதை மட்டும் வாங்கிக்கொண்டு வீடு திரும்புங்கள், மேட் அடுத்த மாதம் வரட்டும். சாதாரணமாக அணைத்து ஏற்றும் வகையே ஹீட் மேட்டுக்குப் போதும். கம்பிகளை நாமே பொருத்த வேண்டிய திறந்த வகைகள் மலிவாகக் கிடைக்கும். தொடக்கக்காரர்கள் அவற்றைத் தொடாமல், பிளக்கும் சொக்கெட்டும் சேர்ந்தே வரும் வகையை வாங்குங்கள்.

மேட்டை ஒட்டுதல்

பெட்டியைக் கவிழ்த்து, அடியைத் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். மேட்டைப் பெட்டியின் வெளிப்புற அடியில், ஒரு ஓரத்தில் ஒட்ட வேண்டும், நடுவில் அல்ல. உள்ளே வைத்தால் மூத்திரமும் தண்ணீரும் படும். மடிக்கக்கூடாது, வெட்டக்கூடாது, குமிழி விழக்கூடாது. பிறகு நான்கு மூலையிலும் சிறு ரப்பர் கால்கள் ஒட்டிப் பெட்டியை அரை அங்குலமாவது தூக்குங்கள். மேட்டுக்கும் மேசைக்கும் இடையில் காற்றுப் போகாவிட்டால் சூடு தேங்கி மேட் கருகும். மரத் தட்டில் வைத்தால் தட்டும் கருகும்.

உணரி: இங்கேதான் நான் கோட்டை விட்டேன்

தொடக்கத்தில் தெர்மோஸ்டாட்டின் உணரிக் கம்பியைப் பெட்டிக்குள் விட்டு, சூடான பக்கத் தரையில் சாதாரண ஒட்டு நாடாவால் ஒட்டியிருந்தேன். அப்போது பெட்டி இருந்தது என் படுக்கையறையில். கொழும்பு ஈரப்பதத்தில் அந்த நாடா ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு இரவு பாம்பு அதைக் கிளப்பிவிட, முனை குளிர்ந்த பக்கத்தில் போய் விழுந்தது. குளிரூட்டி வேறு ஓடிக்கொண்டிருந்தது. உணரி 24 என்றது. தெர்மோஸ்டாட் அதை நம்பி விடியும்வரை மேட்டை அணைக்கவேயில்லை. காலையில் பாம்பு தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் சுருண்டு கிடந்தது. சூடான பக்கத் தரை 41. குளிர்ந்த பக்கமும் பாத்திரமும் இருந்ததால் தப்பியது.

தெர்மோஸ்டாட்டுக்குக் கண் கிடையாது. உணரி முனை எங்கே கிடக்கிறதோ அதுதான் அதற்கு உலகம். அதனால் இப்போது முனையை வெளியே, மேட்டுக்கும் பெட்டி அடிக்கும் இடையில், மேட்டின் நடுப்பகுதியில் வைக்கிறேன். பாம்பாலும் கிளப்ப முடியாது, தண்ணீரும் படாது. நாடாவை அலுமினிய வகையாக மாற்றிவிட்டேன். முனைக்கு மேல் ஒரு துண்டு, ஒரு விரற்கடை தள்ளிக் கம்பிக்கு மேல் குறுக்காக இன்னொரு துண்டு. கம்பியை யாராவது இழுத்தாலும் இரண்டாவது துண்டு தாங்கும், முனை அசையாது.

வெளியே வைத்த உணரி காட்டுவதும் உள்ளே பாம்பு படுப்பதும் ஒரே சூடு அல்ல. என் பெட்டியில் தெர்மோஸ்டாட்டை 35இல் வைத்தால் உள்தரை 32 ஆகிறது. உங்கள் பெட்டிக்கு அந்த வித்தியாசம் வேறாக இருக்கும், அளந்தே தெரிந்துகொள்ள வேண்டும். அளக்கும்போது தரையில் விரித்திருக்கும் தேங்காய்த் தும்பையும் காகிதத்தையும் விலக்கி வெறும் தரையில் அளவுங்கள், ஏனென்றால் பாம்பு அவற்றைக் கிளறிவிட்டு அடியில்தான் போய்ப் படுக்கும். விரிப்பு ஒன்று, ஒன்றரை சென்டிமீற்றருக்கு மேல் வேண்டாம். சூடான பக்கத்தில் ஒன்று, குளிர்ந்த பக்கத்தில் ஒன்று என ஒரே மாதிரியான இரண்டு ஒளிவிடங்கள் வையுங்கள். ஒன்றுதான் இருந்தால் சூட்டைவிட மறைவே பெரிதென்று அங்கேயே கிடந்துவிடும்.

மின்சாரப் பக்கம்

வீட்டில், மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்துங்கள், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் பாம்பை மறந்துவிட்டு முதலில் மின்னியலாளரைக் கூப்பிடுங்கள்.

இறக்குமதி மேட்கள் பல இரண்டு முள் பிளக்கோடு வரும். தீக்குச்சியால் சொக்கெட்டின் மேல் துளையைக் குத்தித் திறந்து அதைச் செருகும் வித்தை நம் எல்லோருக்கும் தெரியும். தொலைபேசிக்குச் செய்தாலும் இரவு பகலாக ஓடும் சாதனத்துக்குச் செய்யாதீர்கள், தளர்ந்த முள் தானே சூடேறும். 13 அம்பியர் சதுர முள் பிளக் மாட்டி, அதனுள் 3 அம்பியர் பியூஸ் போடுங்கள். வயர் சொக்கெட்டுக்குப் போகுமுன் கீழே தொங்கி மேலேறட்டும். பெட்டியிலிருந்து தண்ணீர் வழிந்தால் அந்த வளைவில் சொட்டுமே தவிர சொக்கெட்டுக்குள் போகாது.

பாம்பில்லாமல் இரண்டு நாள்

எல்லாம் பொருத்தியபின் வெறும் பெட்டியை 48 மணிநேரம் ஓடவிடுங்கள். நண்பகலிலும் விடியற்காலை ஐந்து மணிக்கும் தரைச் சூட்டைக் குறித்துவையுங்கள். துப்பாக்கி வடிவ அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் மூடியைத் திறந்து கிட்டப் பிடியுங்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பிடித்தால் அது கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும்.

இன்னொரு சோதனை: பிளக்கைப் பிடுங்கி, பத்து நிமிடம் கழித்து மீண்டும் செருகுங்கள். நீங்கள் வைத்த எண் அப்படியே இருக்கிறதா? சில தெர்மோஸ்டாட்கள் மின்சாரம் போய்வந்ததும் தொழிற்சாலை எண்ணுக்குத் திரும்பிவிடும். 2025 பெப்ரவரி 9 அன்று பாணந்துறை உபமின் நிலையத்தில் குரங்கு பாய்ந்து நாடே இருண்டபோது, பாம்புக்குக் குளிருமே என்று ஒரு நண்பர் பதறினார். குளிராது. கொழும்பில் நான்கைந்து மணிநேர மின்வெட்டு பாம்புக்கு ஒன்றுமே இல்லை. வெந்நீர்ப் போத்தல் வைத்து உபசரிப்பதுதான் கெடுதல். மின்சாரம் திரும்பியபின் எண்ணைப் பார்த்தால் போதும்.

குளிரூட்டியைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. அறை 22 பாகை, மேட் மேலே 32 என்றால், பாம்பு மூச்சிழுப்பது அந்தக் குளிர்ந்த காற்றைத்தான். அதனால் சுவாசத் தொற்று வரலாம். வாயைத் திறந்து மூச்சுவிட்டாலோ, மூக்கில் நுரை தெரிந்தாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். படுக்கையறையைவிட்டால் வேறு இடமே இல்லாதவர்களுக்கு, கம்பிக் கூண்டால் மூடி மேலிருந்து சூடு தரும் பீங்கான் ஹீட்டர் வேண்டும். அதற்குத் தெர்மோஸ்டாட்டின் வகையும் ஹோல்டரும் வேறு. அதை இங்கே இழுத்தால் நீளும்.

சித்திரை மாதத்தில் நான் மேட்டைப் பகலில் அணைத்தே விடுகிறேன். அறை 33ஐத் தொடும் நாட்களில் ஐஸ் போத்தலை ஒரு துணியில் சுற்றிக் குளிர்ந்த பக்கச் சுவரோடு வெளியே சாய்த்துவைப்பேன். சில நிமிடங்களில் பாம்பு மெல்ல வந்து அந்தச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்.

ஞாயிறு காலைகளில் பெட்டியைச் சாய்த்து அடியைப் பார்க்கிறேன். அலுமினிய நாடாவின் ஓரத்தை நகத்தால் சுரண்டி, கம்பியை மெல்ல ஒரு இழுப்பு இழுத்து, அசையவில்லை என்றால்தான் தேநீருக்குப் போவேன்.