கையில் பிடித்தால் சிக்னல் போகிறதா? கோடுகளை விடுங்கள், எண்ணைப் பாருங்கள்

சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் சமையலறையில் நின்று பேசினால் அம்மாவின் குரல் வெட்டி வெட்டிப் போகும். போன் வாங்கி இரண்டே மாதம். சேவை நிலையத்தில் கொடுத்தேன், ஒரு மணி நேரத்தில் 'கோளாறு ஏதுமில்லை, உங்கள் வட்டாரத்தில் சிக்னல் குறைவு' என்று திருப்பித் தந்தார்கள். அடுத்த முறை ஒரு தாளில் எண்களை எழுதிக்கொண்டு போனேன். ஆன்டெனாவை மாற்றிக் கொடுத்தார்கள். அந்தத் தாளை எப்படித் தயாரிப்பது என்பதுதான் இது.

1. திரையில் தெரியும் கோடுகளை நம்பாதீர்கள். எத்தனை கோடு காட்டுவது என்பது போன் செய்தவர் வைத்த கணக்கு. 2010இல் ஐபோன் 4இன் இடது கீழ்மூலையைக் கை மூடினால் சிக்னல் சரிந்தது. அப்படிப் பிடிக்காதீர்கள் என்றார் ஸ்டீவ் ஜாப்ஸ். அப்புறம், கோடு கணக்கிடும் சூத்திரமே தவறு, பல நேரம் இரண்டு கோடு கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்று ஆப்பிள் அறிவித்தது. ஜூலை 16 அன்று எல்லாருக்கும் இலவசக் கவர். கையும் ஆன்டெனாவாக இருந்த உலோகப் பட்டையும் தொடாமல் இருந்தால் பிரச்சினை அடங்கும் என்பதால்தான் கவர்!

2. ஐபோனில் *3001#12345#* அழைத்தால் 'ஆர்எஸ்ஆர்பி' என்ற எண் கிடைக்கும். போனுக்கு வந்துசேரும் சிக்னலின் வலிமை அது, டிபிஎம் (dBm) அளவில். ஆண்ட்ராய்டில் நெட்மான்ஸ்டர் செயலி போதும். 'சிக்னல் பூஸ்டர்' என்று வரும் செயலிகள் எதையும் கூட்டாது, விளம்பரம்தான் கூடும். −85 அருமை, −110 திண்டாட்டம்.

3. நான் சறுக்கிய இடம் இது. முதல் நாள் அளந்தபோது போனை இறுக்கிப் பிடித்தால் சிக்னல் ஏறியது! மண்டை காய்ந்தது. பிறகுதான் புரிந்தது: சிக்னல் குறைந்ததும் போன் 5ஜியிலிருந்து 4ஜிக்கோ, வேறு அலைவரிசைக்கோ தாவிவிடுகிறது. முதல் எண் ஒரு கோபுரத்துடையது, அடுத்தது இன்னொன்றுடையது. அதனால் செட்டிங்ஸில் 4ஜி மட்டும் என்று வையுங்கள், வைஃபையை அணையுங்கள். ஒவ்வொரு பிடிக்கும் முப்பது நொடி காத்திருங்கள், எண் மெதுவாகத்தான் மாறும். பக்கத்தில் செல் எண்ணையும் (போன் எந்தக் கோபுரத்தோடு பேசுகிறது என்று காட்டும் அடையாள எண்) குறியுங்கள். அது மாறியிருந்தால் அந்த அளவைத் தூக்கிப் போடுங்கள்.

4. மேசையில் வைத்து, வலது கையில், இடது கையில், கவரோடு, கவரில்லாமல் என்று மும்மூன்று முறை அளந்து எழுதுங்கள். எனக்கு மேசையில் −92, இடது கையில் −115. கை பட்டால் எந்தப் போனிலும் கொஞ்சம் குறையும். 10 வரை நான் கண்டுகொள்ள மாட்டேன். ஆனால் 20 குறைந்தால் சிக்னலின் வலிமையில் நூற்றில் ஒரு பங்குதான் மிச்சம். பிறகு அதே சிம்மை நண்பரின் போனில் போட்டு அதே இடத்தில் அளந்து பாருங்கள். நெட்வொர்க்கின் மேல் பழி போட முடியாமல் செய்வது இந்த ஒரு வரிதான்.

வீட்டிலுள்ள வெடிகுண்டுப் பாதுகாப்பு அறைக்குள் அளக்காதீர்கள். அந்தக் கான்கிரீட் சுவருக்குள் எந்தப் போனும் திணறும்.

5. வாங்கி ஆறு மாதத்துக்குள் என்றால் லெமன் சட்டம் (கோளாறான பொருளை வாங்கியவரைக் காக்கும் சிங்கப்பூர்ச் சட்டம்) உங்கள் பக்கம். 2012 செப்டம்பரிலிருந்து நடப்பில் உள்ளது. கோளாறு விற்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லையென்று காட்டுவது கடைக்காரர் பொறுப்பு. கோரிக்கையும் கடைக்காரரிடம்தான், தயாரிப்பாளரிடம் இல்லை. மசியவில்லையென்றால் பயனீட்டாளர் சங்கம், அப்புறம் சிறு கோரிக்கை நடுவர் மன்றம்.

பின்சேர்க்கை: உட்லண்ட்சிலிருந்து ஒருவர், எண் தாறுமாறாகக் குதிக்கிறது என்று கேட்டிருந்தார். போன் எல்லைக்கு அப்பால் மலேசியாவின் ஜோகூர் கோபுரத்தைப் பிடிக்கிறது. நெட்வொர்க் தேர்வைத் தானியங்கியிலிருந்து மாற்றி உங்கள் நிறுவனத்தை நீங்களே தேர்ந்தெடுத்துவிட்டு அளந்து பாருங்கள்.

இன்னொருவருக்கு டேட்டா ஓடுகிறது, அழைப்பு மட்டும் போகவில்லை. பழைய போன். இங்கே 2024 ஜூலை 31 முதல் 3ஜியை மூடத் தொடங்கினார்கள். 4ஜியில் பேசும் வசதி இல்லாத போனில் இப்படித்தான் ஆகும். அதற்கு ஆன்டெனாவைக் கழற்ற வேண்டாம்.