பழைய ஜிப்சி, பழைய தார்: கமான் பட்டையும் கியரும் பார்க்கத் தெரிந்துகொள்வோம்

காரைக்குடிப் பக்கம் பழைய மாருதி ஜிப்சியோ 2020-க்கு முந்தைய மஹிந்திரா தாரோ (இரண்டும் நான்கு சக்கர ஓட்டமுள்ள ஜீப் வகை வண்டிகள்) தேடுகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "வண்டியை எத்தனை இஞ்ச் தூக்கலாம்?" நம் பாதைகள் என்னென்ன? செம்மண் சரளை, தைல மரக் காட்டு வண்டித்தடம், கோடையில் வற்றிய கண்மாய் மணல், ஐப்பசி மழைக்குப் பின் வழுக்கும் களி. இதற்கெல்லாம் கம்பெனி கொடுத்த உயரமே போதும் என்பது என் கட்சி. பழைய வண்டியில் காசு முதலில் போக வேண்டிய இடம் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை), ஷாக் (ஷாக் அப்சார்பர்), டயர். அப்புறம் கியர். உயரம் கடைசி.

வாங்கப் போகும்போது அளவு நாடா, டார்ச், சாக்பீஸ், ஒரு ஸ்பேனர் செட், ஜாக்கி, கல் அல்லது கட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: சமதளத்தில் உயரம் அளப்பது

தெருவில் அளந்தால் பயனில்லை, தெருவே சாய்ந்திருக்கும். அரிசி ஆலை எடை மேடை மாதிரி சமமான இடம் கிடைக்குமா என்று பாருங்கள். சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்காட் விளிம்பு வரை நான்கு பக்கமும் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடதுக்கும் வலதுக்கும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் வந்தால் ஒரு பக்கக் கமான் பட்டை (வளைந்த இரும்புத் தகடுகளை அடுக்கிய ஸ்பிரிங்) வளைவு இழந்து படுத்திருக்கலாம், உடைந்திருக்கலாம்.

அப்படியே முன்சக்கர நடுவிலிருந்து பின்சக்கர நடு வரை இரண்டு பக்கமும் அளந்துவிடுங்கள். முன்சக்கரம் நேராக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குறைந்தால், பட்டையை ஆக்சிலில் இடம் மாறாமல் நிறுத்தும் சென்டர் போல்ட் அறுந்து ஆக்சில் நகர்ந்திருக்கலாம், அல்லது சேஸிஸ் (வண்டியின் அடிச்சட்டம்) வளைந்திருக்கலாம். சென்டர் போல்ட் சின்னச் செலவு. சேஸிஸ் என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடுங்கள்.

இரண்டாவது: அடியில் படுத்துப் பார்ப்பது

ஜிப்சிக்கு முன்னும் பின்னும் கமான் பட்டைதான். தார் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல் வகை) வண்டிக்குப் பின்னால் பட்டை, முன்னால் டார்ஷன் பார் (முறுக்கினால் ஸ்பிரிங் போல வேலை செய்யும் கம்பி). பட்டையில் குறுக்கே மெல்லிய துருக்கோடு தெரிந்தால் அது விரிசலாக இருக்கலாம். துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு போல்ட்டின் நட்டைச் சுற்றிப் பளபளப்பான தேய்மானம் இருந்தால் அது லூசாக ஓடியிருக்கிறது. ஷாக்கிளின் (பட்டையின் நுனியைச் சேஸிஸோடு இணைக்கும் தகடு) புஷ் ரப்பர் பிதுங்கி வெளியே வந்திருந்தால் ஆயுள் முடிந்தது.

தாரில் ஒரு தந்திரம் உண்டு. டார்ஷன் பார் போல்ட்டை முறுக்கினாலே முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். பைசா செலவில்லை. ஆனால் சக்கரம் கீழே இறங்க இடமில்லாமல், ஒவ்வொரு பள்ளத்திலும் மேல் ஆர்ம் (சக்கரத்தை மேலே தாங்கும் கை) ஸ்டாப்பரில் இடிக்கும். ஆக்சில் ஜாயின்ட் கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும். மேல் ஆர்முக்கும் ஸ்டாப்பருக்கும் இடைவெளி அறவே இல்லை என்றால் முறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

மூன்றாவது: ஷாக்கைக் கழற்றுவது

"ஷாக் புதுசுதாண்ணே, போன மாசம்தான் மாத்துனேன்" என்று விற்பவர் சொல்வார். பம்பரை அமுக்கிவிட்டு எத்தனை முறை ஆடுகிறது என்று எண்ணும் சோதனை கமான் பட்டை வண்டிக்குச் சரிவராது. பட்டைகள் ஒன்றோடொன்று உரசுவதே ஆட்டத்தை நிறுத்திவிடும். ஷாக் செத்திருந்தாலும் தெரியாது. பின் ஷாக்கின் கீழ்ப்பக்க போல்ட்டை மட்டும் கழற்றி, கையால் இழுத்து அமுக்குங்கள். இடது, வலது இரண்டு ஷாக்கிலும் ஒரே மாதிரி சீரான எதிர்ப்பு இருக்க வேண்டும். பொதுவாக இழுக்கும்போது எதிர்ப்பு கூடுதலாக இருக்கும். நடுவில் ஓரிடத்தில் சட்டென்று வெறுமையாகப் போனாலோ, தண்டில் எண்ணெய் ஈரமாக ஒழுகியிருந்தாலோ மாற்றத்தான் வேண்டும். கழற்ற விடமாட்டேன் என்றால் ஷாக்குக்கான காசை விலையில் குறையுங்கள்.

ஜிப்சியில் முன்சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஹப் பேரிங் (சக்கரம் சுழலும் இடம்) அல்லது கிங்பின் பேரிங் (சக்கரம் திரும்பும் இடம்). உதவியாளர் பிரேக்கை மிதித்திருக்கும்போது ஆட்டம் நின்றால் ஹப். அப்போதும் ஆடினால் கிங்பின். சில ஜிப்சிகளில் வேகம் கூடியதும் ஸ்டீயரிங் உதறும். அதற்கு ஸ்டீயரிங் டேம்பர் (அதிர்வை அடக்கும் ஷாக்) மட்டும் மாற்றினால் உதறல் மறையும், நோய் போகாது.

நான்காவது: கியர் விகிதம் எண்ணுவது

இதுதான் புதியவர்கள் விட்டுவிடுகிற பகுதி. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற, ஆக்சிலைச் சுழற்றும் தண்டு எத்தனை சுற்றுச் சுற்ற வேண்டும் என்பதே இந்த விகிதம். பழைய வண்டியில் யாராவது ஒரு ஆக்சிலை மட்டும் மாற்றியிருக்கலாம். முன்னும் பின்னும் வேறு விகிதம் இருந்தால், நான்கு சக்கர ஓட்டத்தில் போட்டதும் டிரான்ஸ்ஃபர் கேஸ் (இழுவையை முன், பின் ஆக்சிலுக்குப் பிரிக்கும் கியர் பெட்டி) முறுக்கிக்கொண்டு உடையும்.

வண்டியை நியூட்ரலில், இரண்டு சக்கர ஓட்டத்தில் வையுங்கள். முன்சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் தூக்குங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஆக்சிலுக்குக் கீழே கட்டை வையுங்கள். டயரிலும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டிலும் (ஆக்சிலுக்குப் போகும் அந்தத் தண்டு) சாக்பீஸால் கோடு போடுங்கள். தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்று மெதுவாகச் சுற்றுங்கள். ஷாஃப்ட் எத்தனை சுற்று போகிறதோ அதுதான் விகிதம். மற்றச் சக்கரம் தரையில் நிற்பதால் இரண்டு சுற்று தேவைப்படுகிறது. முன்பக்கமும் இதேபோல் செய்யுங்கள். அப்போது கல் பின்சக்கரத்துக்கு. ஹப் லாக் (முன்சக்கரத்தை ஆக்சிலோடு பூட்டும் திருகு) உள்ள வண்டியானால் அதைப் போட்டுவிட்டு எண்ண வேண்டும். எண் ஒத்துப்போக வேண்டும்.

அப்புறம் டிஃபரென்ஷியல் (ஆக்சில் நடுவிலுள்ள கியர் உருண்டை) எண்ணெய். பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. டிரெயின் பிளக்கில் மாவு போன்ற இரும்புத்தூள் சகஜம். சில்லு சில்லாக இருந்தால் பல் உடைகிறது.

நான்கு சக்கர ஓட்டத்தைத் தார்ச்சாலையில் சோதிக்காதீர்கள், சரளையிலோ மணலிலோ செய்யுங்கள். கண்மாய்க் கரைமேல் ஏற்ற வேண்டாம். அது மண்கரை; டயர்த் தடம் வழியாகத்தான் மழைநீர் அறுக்கும், ஊர்க்காரர்கள் கோபப்படுவது நியாயம்.

சரி, வாங்கியாயிற்று. எதை முதலில் மாற்றுவது?

எல்லாப் புஷ்ஷும், நான்கு ஷாக்கும். பட்டை படுத்திருந்தால் புதுப் பட்டை. பட்டறையில் அடித்து வளைவு ஏற்றித் தருவார்கள், மலிவுதான். ஆனால் சூடேற்றி வளைத்துவிட்டு முறையாகப் பதம் ஏற்றாத பட்டை சீக்கிரமே மறுபடி படுத்துவிடும். நீள ஷாக்கிள் போட்டுத் தூக்குவது இன்னும் மலிவு. ஜிப்சியின் முன்பக்கம் போட்டால் ஆக்சிலின் சாய்வு மாறி ஸ்டீயரிங் அலையும்.

டயருக்கு வரும்போது கணக்குப் போட வேண்டும். ஜிப்சியின் 205/70 ஆர்15 டயர் சுமார் 668 மில்லிமீட்டர் விட்டம். 215/75 ஆர்15 போட்டால் சுமார் 703. விட்டம் 5 சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுகிறது, ஆனால் தரையிலிருந்து ஆக்சில் உயர்வது அதில் பாதிதான், 18 மில்லிமீட்டர் போல. பதிலுக்கு எல்லாக் கியரும் அதே 5 சதவீதம் நீண்டுவிடும். எண்ணிய விகிதம் 3.9 என்றால் இப்போது 3.7 மாதிரி இழுக்கும்; ஸ்பீடோ 60 காட்டும்போது 63-ல் போவீர்கள். தாரின் 2.5 லிட்டர் டீசல் இதைத் தாங்கும். ஜிப்சியின் 1.3 லிட்டர் பெட்ரோல் மணலில் திணறும்.

ஜிப்சிக்கு இன்னொரு குறை. அதன் டிரான்ஸ்ஃபர் கேஸில் ஹை (சாதாரண ஓட்டத்துக்கு) 1.409, லோ (மெதுவாக, கூடுதல் இழுவைக்கு) 2.268. லோ போட்டாலும் ஹையைவிட 1.6 மடங்குதான் இறங்குகிறது. தாரில் நேர் விகிதத்திலிருந்து, அதாவது 1-லிருந்து, 2.48-க்கு இறங்கும். அதனால் ஜிப்சியில் பெரிய டயர் போட்டே தீருவேன் என்கிறவர்கள் இரண்டு ஆக்சிலிலும் கிரௌன் பினியன் (டிஃபரென்ஷியலின் கியர் ஜோடி) மாற்றுவதைவிட டிரான்ஸ்ஃபர் கேஸ் கியரை மாற்றுவது நல்லது. ஒரே வேலை, முன்னும் பின்னும் ஒத்துப்போகுமா என்ற கவலை இல்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாற்றுவதைத் தடுக்கிறது. 2019-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. புஷ், ஷாக், பட்டையை அதே அளவில் புதிதாகப் போடுவதில் சிக்கலில்லை. உயரம் கூட்டுவது, அளவு மீறிய டயர் போடுவது எல்லாம் சோதனையில் மாட்டும்.

கிரௌன் பினியன் புதிதாகப் போட்டிருந்தால் முதல் நாள் பிள்ளையார்பட்டி வரை மெதுவாக ஓட்டிப் போய், டிஃபரென்ஷியல் ஹவுசிங் ஆறும்வரை நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்புங்கள். பாரம் ஏற்ற வேண்டாம், மணலில் இறக்க வேண்டாம். 800 கிலோமீட்டர் ஓடியதும் எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் ஊற்றுங்கள்.