பல்கலைக்கழக மாணவர்களுக்கு அசைவூட்டப் படம் திரையிடுவது எப்படி

கோலாலம்பூரில் ஒரு பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவையோ விடுதிக் குழுவோ திரைப்பட மாலைக்கு அசைவூட்டப் படம் (அனிமேஷன்) ஒன்றை முன்மொழிந்தால், "அது சின்னப் பிள்ளைகள் பார்ப்பது" என்று கூட்டத்தில் ஒருவராவது சொல்லிவிடுவார். அவரோடு வாதாட வேண்டியதில்லை. குடும்பமாக உட்கார்ந்து பார்க்க எடுக்கப்பட்ட நல்ல படத்தில் குழந்தைக்கு ஓர் இடமும் பெற்றோருக்கு ஓர் இடமும் இருக்கும். இருபது வயதுக்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்பவர். அந்த நடுவிடத்தில் அவரைத் தொடும் படத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் ஏற்பாட்டாளரின் முதல் வேலை; என்னைக் கேட்டால், முக்கால் வேலை அதிலேயே முடிந்துவிடும்.

தேர்வு செய்வதற்கு முன் படத்தைத் தனியாக ஒரு முறை பாருங்கள். சிறுவயதில் எந்தப் பாத்திரத்தின் பக்கம் நின்றீர்கள், இப்போது யார் பக்கம் நிற்கிறீர்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒருவராகவே இருந்தால் வேறு படம் தேடலாம். 2010இல் வெளிவந்த 'டாய் ஸ்டோரி 3' படத்தைப் பார்க்கும் குழந்தை, பொம்மைகள் எரிந்துவிடுமோ என்று பதறுகிறது. அதே படத்தை விடுதி அறையிலிருந்து பார்ப்பவருக்கோ, கல்லூரிக்குப் புறப்படும் மகனின் காலியான அறைக்குள் நுழைந்து ஒரு கணம் பேச்சற்று நிற்கும் தாயே கண்ணில் படுகிறார். சொந்த ஊரான சுங்கை பட்டாணியிலோ தைப்பிங்கிலோ தமது அறை இப்போது எப்படி இருக்கும் என்ற நினைப்பு அவருக்கு அங்கே வந்துவிடும்.

உள்ளூர்ப் படைப்புகளை ஒதுக்கிவிட வேண்டாம். 2007இல் தொடங்கிய 'உபின் இபின்' என்னும் மலேசிய அசைவூட்டத் தொடரைப் பார்த்து வளர்ந்த தலைமுறைதான் இன்று பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. அதன் இந்தியப் பாத்திரங்களான ராஜுவும் அங்கிள் முத்துவும் திரையில் வந்தபோது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு உண்டான மகிழ்ச்சி தனி. ஆனால் பெற்றோரை இழந்த உபின், இபின் என்னும் இரட்டையரைப் பாட்டியோடு சேர்ந்து வளர்க்கும் அக்கா ரோஸை அன்று நாம் கோபக்காரியாக மட்டுமே கண்டோம். வீட்டில் தம்பி தங்கையின் பொறுப்பைச் சுமந்துகொண்டே படிக்கும் மாணவியிடம் இன்று கேட்டால், அவர் சொல்லும் கதை வேறாக இருக்கும்.

ஒரே ஒரு படத்துக்குத்தான் வாய்ப்பு என்றால் நான் 2015ஆம் ஆண்டின் 'இன்சைட் அவுட்' படத்தைச் சொல்வேன். மினசோட்டாவிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குக் குடிபெயரும் பதினொரு வயதுச் சிறுமியிடம், அப்பா நெருக்கடியில் இருப்பதால் சிரித்த முகமாகவே இருக்கும்படி அம்மா அன்பாகத்தான் கேட்கிறார். சிறுமியின் மனத்துக்குள் மகிழ்ச்சி என்னும் பாத்திரம், துயரத்தைச் சுற்றி ஒரு வட்டம் வரைந்து, அதைத் தாண்டி வரக்கூடாது என்கிறது. ஒவ்வோர் இரவும் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து, "சாப்பிட்டேன் அம்மா, ஒன்றும் பிரச்சினையில்லை" என்று சொல்லிப் பழகிய மாணவருக்கு இந்த வட்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. முதற்பருவத்தில் தேர்ச்சி பெறாமல் அதை வீட்டில் மறைத்துக்கொண்டிருப்பவர், கடைசியில் அந்தச் சிறுமி பெற்றோர் முன் அழுது உண்மையைச் சொல்லும் காட்சியில் தலையைக் குனிந்துகொள்ளக்கூடும். விளக்குகளை முழுவதும் அணைத்துவைக்கச் சொல்வது இதனால்தான்.

அனுமதியைப் பற்றி ஒரு வார்த்தை: வீட்டில் பார்ப்பதற்காகக் கட்டிய மாதச் சந்தா பொதுத் திரையிடலுக்குச் செல்லாது. 1987ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் நடப்பில் இருப்பதால், உரிமையாளரின் இசைவைப் பல்கலைக்கழக மாணவர் விவகாரப் பிரிவின் வழியாக முன்கூட்டியே கேட்டுப் பெறுங்கள்.

படத்துக்கு முன் உரை வேண்டாம். முதன்முறை நான் கால் மணி நேரம் 'இப்படத்தின் நீதி' என்று பேசினேன். படம் தொடங்குவதற்குள் பாதிப்பேர் கைப்பேசிக்குள் போய்விட்டனர். பெயரையும் ஓடும் நேரத்தையும் சொல்லிவிட்டு உட்காருங்கள். கடைசிப் பெயர்ப் பட்டியல் ஓடி முடியும்வரை யாரும் எழுந்து நன்றியுரை தொடங்காமல் பார்த்துக்கொள்வதும் உங்கள் பொறுப்பே.

பிறகு ஒரு கேள்வி போதும்: சின்ன வயதில் இந்த மாதிரிப் படத்தில் கவனிக்காமல் விட்ட ஆள் யார்? படம் கற்பித்த பாடம் என்ன என்று கேட்டால் தமிழ்ப்பள்ளிக் கட்டுரை போன்ற விடைகளே வரும். அம்மாவை, அக்காவை, வேலைக்குப் போய்க் களைத்து வரும் அப்பாவைப் பற்றி யாராவது ஒருவர் பேசத் தொடங்கினால், அடுத்தவர் தொடர்வதற்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டியிருக்காது. எவரையும் பெயர் சொல்லி அழைத்துப் பேசச் சொல்லாதீர்கள்; மண்டபத்தில் வாய் திறக்காதவர்கள் பெரும்பாலும் மாமாக் எனப்படும் இந்திய முஸ்லிம் உணவுக்கடையில் தே தாரிக் என்னும் இழுத்த தேநீர் வந்த பிறகுதான் பேசுவார்கள். ஆகவே நிகழ்ச்சியைப் பத்து மணிக்குள் முடித்து, கடைசி ரயிலுக்கு முன் அந்த ஒரு மணி நேரத்தை அவர்களுக்கு விட்டுவையுங்கள்.