டீக்கடைக் கல்லாவில் போகிற காசை வட்டிக்குத் திருப்புவது

2026 பிப்ரவரி 1 முதல் சிகரெட்டுக்கு ஜிஎஸ்டி 40%. நீளத்துக்குத் தக்கபடி கலால் வரி வேறு. எங்கள் தெரு டீக்கடையில் தினமும் இதே புலம்பல்தான். சிலர் பீடிக்கு மாறிவிட்டார்கள். பாக்கெட்டுக்கு லாபம், நெஞ்சுக்கு ஒரு லாபமும் இல்லை.

நான் செய்வது இது. தம் அடிக்கத் தோன்றி, அடிக்காமல் விட்டால், அங்கேயே நின்று போனை எடுத்து இருபது ரூபாயைத் தனிக் கணக்குக்குத் தட்டிவிடுவேன். சம்பளக் கணக்கிலேயே கிடந்தால் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கரைந்துவிடும்.

எந்தக் கணக்கு? வட்டியை மட்டும் பார்க்காதீர்கள். மினிமம் பேலன்ஸ் குறைந்தால் எவ்வளவு பிடிப்பார்கள், எஸ்எம்எஸ்ஸுக்குக் காசா என்று கேளுங்கள். சிறு நிதி வங்கிகளில் பொதுவாக வட்டி கூடுதல். வங்கி முடங்கினாலும் 5 லட்சம் வரை திரும்பக் கிடைக்கச் செய்யும் டெபாசிட் காப்பீடு அங்கும் உண்டு.

தொகை நிலைப்பட்டதும் தபால் ஆபீஸ் ஆர்டி, அதாவது மாதாமாதம் ஒரே தொகையைப் போட்டுவரும் சேமிப்பு. ஐந்து வருடம், 6.7% வட்டி, மாதம் நூறு ரூபாயிலிருந்து போடலாம். தினம் ஐந்து சிகரெட்டை விட்டவருக்கு மாதம் 3,000. முடிவில் ஏறக்குறைய 2,14,000. தவணை தவறினால் நூறுக்கு ஒரு ரூபாய் அபராதம், அதனால் ஆசைப்பட்டுப் பெரிய தொகை எழுதிவிடாதீர்கள்.

முழுசாக விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356, அரசின் இலவச ஆலோசனை எண்.