சூளைத் தட்டுக்குக் காப்புப் பூச்சு: முதல் தடவை பூசுகிறவர்களுக்கு

ஸ்டோன்வேர் (அதிகச் சூட்டில் சுடும் கெட்டியான மண்பாண்டம்) சூளை 1280 டிகிரியைத் தொடும்போது, பாத்திரத்தின் மேல் பூசிய கிளேஸ் என்பது உருகிய கண்ணாடி. ஒரு சொட்டு வழிந்தாலும் பாத்திரம், சூளைக்குள் அது நிற்கிற தட்டோடு ஒட்டிக்கொள்ளும். உளி வைத்துத் தட்டினால் எது உடையுமோ! பாத்திரம் போனால் இன்னொன்று வனையலாம், சிலிக்கான் கார்பைடு தட்டு காசைக் கரைத்துவிடும். அதற்குத்தான் கில்ன் வாஷ் என்ற இந்தக் காப்புப் பூச்சு.

கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற மண்பாண்டப் பட்டறை 1971-ல் தொடங்கிய பிறகு புதுச்சேரியில் ஸ்டோன்வேர் பழகுகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பூச்சை ஏனோ கடைசி நிமிட வேலையாகவே பார்க்கிறார்கள்.

பூச்சுக்கு எடைக் கணக்கில், சூளைச் சூட்டில் உருகாத அலுமினா ஹைட்ரேட் தூள் 500 கிராம், பச்சைக் (சுடாத) கயோலின் என்ற வெள்ளைக் களிமண் 250, சுட்ட கயோலின் 250. சுட்டதைத் தனியாக வாங்க வேண்டாம். பச்சைத் தூளை பிஸ்க் (கிளேஸ் பூசாமல் முதல் தடவை சுட்ட) கிண்ணத்தில் நிரப்பி, அடுத்த பிஸ்க் சூளையில் ஒரு மூலையில் வைத்தால் போதும். முழுக்கப் பச்சையாகப் போட்டால் காயும்போது சுருங்கிச் செதில் செதிலாகப் பெயரும். முழுக்கச் சுட்டதென்றால் பிடிப்பே இருக்காது.

செலவு குறையும் என்று குவார்ட்ஸ் (சிலிக்கா) தூள் சேர்ப்பவர்களும் உண்டு. சவுக்கு விறகு எரிக்கிறவர்கள் அந்தப் பக்கமே போகாதீர்கள். விறகுச் சாம்பலிலுள்ள காரமும் சுண்ணாம்பும் சிலிக்காவோடு சேர்ந்து உருகி, பூச்சே கண்ணாடியாகிவிடும்.

மாஸ்க் போட்டுக்கொண்டு தூளைத் தண்ணீரில் தூவுங்கள். இரவு ஊறட்டும். காலையில் 80 மெஷ் (அங்குலத்துக்கு 80 கண்) சல்லடையில் வடிகட்டினால் கெட்டிப்பால் பதம் வர வேண்டும்.

தட்டைத் துடைத்து, ஈரப் பஞ்சால் ஒற்றிவிட்டு அகலமான பிரஷ்ஷால் பூசுங்கள். கார்டியரைட் என்ற பீங்கான் வகைத் தட்டு தண்ணீரைச் சட்டென்று குடிக்கும். ஈரப் பளபளப்பு கண் முன்னே மங்கும், பிரஷ் இழுபடும். இழுபட்ட இடத்தில் திரும்பத் தேய்த்தால் திட்டுத்திட்டாகும், விட்டுவிட்டு நகருங்கள். பளபளப்பு மங்கியதும் குறுக்குவாட்டில் அடுத்த பூச்சு. மெல்லிசாக மூன்று போதும். தடிமனாக ஒன்றே போட்டால் வெடிக்கும்.

மேல்பக்கம் மட்டும்தான் பூச்சு. அடிப்பக்கம் பூசினால் பெயர்ந்த துகள் கீழ்த்தட்டுப் பாத்திரத்தின் கிளேஸில் விழும். விளிம்பிலும் ஒரு விரல் அகலம் விட்டுவிடுங்கள்.

அப்புறம் வெயிலில் காய வைக்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் இங்கே எதுவும் லேசில் காயாது. அப்போது தட்டுகளை வெறும் சூளையில் அடுக்கி, 100 டிகிரிக்குக் கீழேயே மெதுவாகச் சூடு காட்டி எடுத்த பிறகே பாத்திரம் ஏற்றுங்கள்.